எதிலிருந்து, எதன்மேல், என்ன செய்கையில்

ஐயா, அம்மா,

இதனை வாசிக்க முன்வந்த பெரியோர் அனைவருக்கும் என் வணக்கம். நான் எட்டாம் வகுப்புடன் பள்ளியை விட்டவன். அதன்பின் கற்றதெல்லாம் பொது நூலகத்து மேசையிலும், மருத்துவமனைச் சுவர்களில் ஒட்டப்பட்டிருந்த அறிவிப்புகளிலும் கற்றதே. ஆகையால் என் எழுத்தில் குற்றம் காணின் பொறுத்தருள வேண்டும். பொருளில் குற்றம் இராது. இங்கு நான் எழுதப் புகுவது, சில ஆண்டுகளுக்கு முன் என்னுடன் பணியாற்றிய ஓர் அம்மையாரைப் பற்றி.

அவருடைய பெயரை எழுதமாட்டேன். மறந்துவிட்டது என்று எண்ண வேண்டா. "யார் பேரையும் எழுதாதீங்க. பேரு இருந்தா எல்லாரும் பேரத்தான் படிப்பாங்க, என்ன நடந்துதுங்கறத யாரும் படிக்க மாட்டாங்க" என்று அவரே செவிலியர்களுக்கு ஓயாது சொல்லிவந்தார். அவர் வகுத்த விதியை அவருக்கே பொருத்துகிறேன்.

புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனை. பஞ்சாலை மூடப்பட்ட பிறகு நான் அங்கே ஓர் ஒப்பந்தக்காரர் மூலமாக வார்டு உதவியாளனாகச் சேர்ந்தேன். நோயாளிகளைச் சக்கர நாற்காலியில் ஏற்றி இறக்கி, வேண்டிய இடத்திற்குக் கொண்டு சேர்ப்பது என் தொழில். நெல்லித்தோப்பிலிருந்து மிதிவண்டியில் போய்வருவேன். அம்மையார் பதிவேட்டு அறையின் பொறுப்பாளர். தரைத்தளத்தில், மின்தூக்கிக்குப் பின்புறம், ஜன்னலில்லாத ஓர் அறையில் கோப்புகளின் நடுவே வீற்றிருப்பார். ரெட்டியார்பாளையத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவார். குட்டையான உருவம், விரைந்த நடை. எந்த நாற்காலியானாலும் அதன் முதுகைப் பிடித்து இருமுறை ஆட்டிப் பார்க்காமல் அமரமாட்டார். கைப்பையில் தையற்காரரின் அளவு நாடா ஒன்று எப்போதும் சுருண்டு கிடக்கும்.

அவருடைய வேலை இன்னதென்று விளக்குவது என் கடமை. உலகத்திலுள்ள நோய்கள் அனைத்துக்கும் தனித்தனி எண் உண்டு. நோயாளி வீடு திரும்பியதும் அவருடைய கோப்பைப் படித்து, உரிய எண்ணைக் கணினியில் ஏற்றுவதே அம்மையாரின் பணி. காய்ச்சலுக்கு ஓர் எண் போதும். ஆனால் ஒருவர் விழுந்து அடிபட்டால் ஓர் எண் போதாது. எது முறிந்தது என்பதற்கு ஒன்று, எப்படி விழுந்தார் என்பதற்கு ஒன்று, எங்கே விழுந்தார் என்பதற்கு ஒன்று. அவற்றுள்ளும் கட்டிலிலிருந்து விழுவதற்கு ஒன்று, நாற்காலியிலிருந்து விழுவதற்கு ஒன்று, படிக்கட்டுக்கு ஒன்று, மரத்துக்கு ஒன்று. பிறர் தாங்கிச் செல்கையில் அவர் கைதவறி விழுவதற்கென்றே ஒரு தனி எண்ணும் உண்டு. இவ்வளவையும் வகுத்தவர்கள், கடைசியில், எப்படி விழுந்தார் என்று ஒருவருக்கும் தெரியாதபோது போடுவதற்கும் ஓர் எண்ணை ஒதுக்கியிருந்தார்கள். மற்ற மருத்துவமனைகளில் பாதிப் பேர் அந்த எண்ணில்தான் விழுகிறார்கள் என்பது அம்மையாரின் குற்றச்சாட்டு.

"அது நம்பர் இல்ல, கொட்டாவி" என்பார். தம் பணிக்காலத்தில் ஒருமுறையேனும் அவர் அதைப் பயன்படுத்தியதில்லை.

அதற்குப் பதிலாக மூன்று கேள்விகளை வைத்திருந்தார். எதிலிருந்து விழுந்தார்? எதன்மேல் விழுந்தார்? என்ன செய்துகொண்டிருக்கையில் விழுந்தார்? இம்மூன்றுக்கும் கோப்பில் விடை இல்லையெனில், கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு தாமே மாடியேறி வந்துவிடுவார். "மூணு கேள்வி வராங்கடோய்" என்று வார்டுக்கு வார்டு செய்தி பறக்கும். மருத்துவர்களில் சிலர் கழிவறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன்.

ஒருமுறை மூலக்குளத்துக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து குதிகால் எலும்பு முறிந்த ஒருவர் வந்து சேர்ந்தார். அவருடைய கோப்பில் "உயரத்திலிருந்து விழுந்தார்" என்று மட்டும் எழுதியிருந்தது. அம்மையார் கட்டிலருகே வந்து நின்றார். நோயாளியின் மனைவி சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, எதுலேர்ந்து விழுந்தீங்க?"

"ஒசரத்துலேர்ந்து மேடம்."

"ஒசரம்னு ஒரு பொருள் கிடையாது. மரமா, ஏணியா, மாடியா?"

அவர் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். "மரம்னே வச்சுக்குங்களேன்."

"நானா எதையும் வச்சுக்க முடியாது. என்ன மரம்?"

"முருங்க."

சாத்துக்குடி உரித்த கை நின்றது. "நம்ம வூட்டுல ஏதுய்யா முருங்க மரம்?"

வார்டில் இருந்த எட்டுக் கட்டில்களும் திரும்பிப் பார்த்தன. மரம் பக்கத்து வீட்டுக்காரியுடையது என்பதும், நடுவே மதிற்சுவர் இருப்பதும், விழுந்த வேளையில் அவருடைய ஒரு கால் சுவரிலும் மறு கால் மரத்திலும் இருந்தது என்பதும் ஒவ்வொன்றாக வெளிவந்தன.

"எந்தக் கால்ல பாரம் இருந்துச்சு?" என்றார் அம்மையார்.

"அத யாரு மேடம் பாத்தா? அந்தம்மா கதவத் தெறந்துட்டாங்க."

"நல்லாக் கேளுங்க மேடம்," என்றார் மனைவி. "சந்தையில வாங்கியாந்தேன்னு சொல்லி எத்தினி நாளா எங்கிட்ட சாம்பார் வைக்கச் சொன்னாருன்னும் கேளுங்க."

அம்மையாருக்குச் சாம்பார் தேவைப்படவில்லை. சுவரா மரமா என்பதே தேவைப்பட்டது. இரண்டு நாட்கள் அந்தக் கோப்பை மூடாமல் வைத்திருந்தார். மூன்றாம் நாள், முருங்கைக் கிளை முறிந்திருந்தால் மரம், முறியாதிருந்தால் சுவர் என்று ஒரு முடிவுக்கு வந்து, மனைவியிடம் கேட்டனுப்பினார். "கெள முறிஞ்சுதான் தொங்குது மேடம். அந்தம்மா அதக் காட்டிக் காட்டி ஒரு மணி நேரம் என்னத் திட்டுச்சு" என்று பதில் வந்தது. மரம் என்று பதிவாயிற்று.

மருத்துவமனைக்கு வெளியிலும் அவர் இப்படியே இருந்தார். எங்களுடன் பணியாற்றிய செவிலிப் பெண் ஒருத்தியின் திருமணத்தில், பந்தி முடிந்து கழுவிவிட்ட தரையில் மாப்பிள்ளையின் சித்தப்பா வழுக்கி விழுந்தார். எல்லோரும் அவரைத் தூக்க ஓடியபோது அம்மையார் மட்டும் குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கையில என்ன வச்சிருந்தீங்க?" என்று கேட்டார். பாயச டம்ளர் வைத்திருந்ததாக அவர் முனகினார். "அதான். டம்ளரக் காப்பாத்தப் பாத்திருக்கீங்க" என்று சொல்லி அம்மையார் மன நிறைவுடன் நிமிர்ந்தார். "கல்யாணத்துக்கு வந்தீங்களா, விசாரணைக்கு வந்தீங்களா?" என்று பெண்ணின் தாயார் கேட்டார்.

இத்தகையவர் பணியாற்றிய இடத்தில்தான் நிர்வாகத்தார் ஒரு பலகை மாட்டினார்கள். ஒவ்வொரு வார்டின் வாயிலிலும், "இங்கு நோயாளி விழாமல் கழிந்த நாட்கள்" என்று எழுதி, கீழே ஓர் எண். நாள்தோறும் காலையில் அதை ஒன்று கூட்ட வேண்டும். யாரேனும் விழுந்தால் அழித்துச் சுழியிலிருந்து தொடங்க வேண்டும். அதிக நாள் சேர்த்த வார்டுக்குக் கேக் வெட்டப்படும். நல்ல எண்ணத்துடன் செய்யப்பட்ட ஏற்பாடுதான். பலகை வந்த நாள்முதல் எங்கள் மருத்துவமனையில் எவரும் விழவில்லை. அமரத் தொடங்கினார்கள்.

"நோயாளி தரையில் அமர்ந்த நிலையில் காணப்பட்டார்" என்று எங்கள் வார்டின் கோப்புகள் வரிசையாகக் கூறின. கழிவறை வாயிலில் அமர்ந்தார். கட்டிலுக்கடியில் அமர்ந்தார். ஒருவர் மூக்கில் இரத்தம் வழிய அமர்ந்தார். கோப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு அம்மையார் எங்கள் வார்டின் தலைமைச் செவிலியரிடம் வந்தார். தலைமைச் செவிலியர் கெட்டவர் அல்லர். ஊசி குத்தினால் குழந்தைகூட அழாது. அவ்வளவு நேர்த்தியான கை. ஆனால் அந்தப் பலகைக்கு மட்டும் அஞ்சினார்.

"சிஸ்டர், உங்க வார்டுல நாற்காலி பத்தலையா?"

"ஏன் மேடம்?"

"எல்லாரும் தரையிலயே உக்காருறாங்களே. பாவம், வயசானவங்க. மூக்குல அடிபடற மாதிரி உக்காருறாங்க."

சிஸ்டர் முகம் சிவந்து, கோப்புகளைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார். அம்மையாரோ பேச்சோடு நிறுத்தவில்லை. கோப்பின்படி அமர்ந்தார்கள் என்றால் அமர இடமில்லை என்றே பொருள் என எழுதி, எங்கள் வார்டுக்கு ஆறு நாற்காலிகள் வேண்டுமென நிர்வாகத்துக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டார். நிர்வாகம் அதைப் படித்ததோ இல்லையோ, நாற்காலிகள் வந்து இறங்கின. மறு வாரமே ஒரு முதியவர் அவற்றுள் ஒன்றிலிருந்து விழுந்தார். நாற்காலியிலிருந்து விழுவதற்குரிய எண்ணை அம்மையார் அன்று போட்டபோது, அவர் முகத்தில் கண்ட தெளிவை என்னால் விவரிக்க இயலாது.

இனி நான் சொல்லப்போவது என்னைப் பற்றியதுமாகும்.

இந்நகரில் பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்களைச் சொல்தா என்பது வழக்கம். அவ்வாறான ஒரு பெரியவர் தலைசுற்றலும் இரத்த அழுத்தக் குறைவுமாக எங்கள் வார்டில் சேர்க்கப்பட்டிருந்தார். எழுந்தால் விழக்கூடியவர் என்பதற்கு அடையாளமாக அவர் மணிக்கட்டில் மஞ்சள் பட்டை கட்டியிருந்தார்கள். மஞ்சள் பட்டைக்காரரைத் தனியே விட்டு உதவியாளன் நகரக்கூடாது என்பது கண்டிப்பான விதி. விழுந்தவரைச் செவிலியர் வந்து பார்க்கும்வரை தூக்கக்கூடாது என்பது அதனினும் கண்டிப்பான விதி. ஒரே நாள் காலையில் இவ்விரண்டு விதிகளையும் மீறியவன் நான்.

அன்று ஜூலை பதினான்கு, பிரெஞ்சு நாட்டின் தேசிய தினம். ஆண்டுதோறும் அந்நாளில் சொல்தாக்கள் பதக்கங்கள் அணிந்து, கடற்கரைச் சாலையிலுள்ள போர் நினைவிடத்தில் கூடி மலர்வளையம் வைப்பார்கள். பாண்டு வாத்தியத்தில் இரு நாடுகளின் தேசிய கீதமும் இசைக்கப்படும். பெரியவர் அதுவரை ஒரு வருடமும் தவறாமல் போனவராம். போக முடியாதென்று ஆனதும், அவருடன் படையிலிருந்த நண்பர் ஒருவர், கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசும் வசதி மூலம் அனைத்தையும் காட்டுவதாக ஒப்புக்கொண்டிருந்தார். நடைக்கூடத்தின் கோடியிலுள்ள ஜன்னலருகில்தான் கைப்பேசிக்கு நன்றாக அலை கிடைக்கும். ஆகவே நான் அவரைச் சக்கர நாற்காலியில் அங்கே கொண்டுபோய் நிறுத்தி, இருபுறமும் பிரேக் போட்டு, கைப்பேசியை ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்தேன்.

"தொப்பி," என்றார் அவர்.

"ஐயா?"

"என் தொப்பிய எடுத்தா. அலமாரியில இருக்கு. சீக்கிரம் போய்யா, ஆரம்பிச்சுடுவாங்க."

"சிஸ்டர் வந்ததும் போறேங்க."

"நான் சொல்றேன், போ."

அந்தக் குரலில் ஏதோ இருந்தது. போனேன். அலமாரியில் மடித்த வேட்டிகளுக்கெல்லாம் அடியில் தொப்பி இருந்தது. அதை எடுத்துக்கொண்டு திரும்புகையில் 'தொப்' என்று ஓசை கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் பெரியவர் தரையில் கிடந்தார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. தொப்பியைக் கால்சட்டைப் பைக்குள் திணித்துவிட்டு, அவரை இரு கைகளாலும் வாரித் தூக்கினேன். தலைமைச் செவிலியர் மூலை திரும்பி வந்தபோது அவர் கண்ட காட்சி இதுதான்: நாற்காலிக்கும் தரைக்கும் நடுவே, என் கைகளில், பெரியவர்.

இடது மணிக்கட்டு முறிந்திருந்தது. எப்படி விழுந்தீர்கள் என்று மருத்துவர் கேட்டார்.

"நான் விழல," என்றார் பெரியவர்.

"அப்ப கை எப்படிங்க ஒடைஞ்சுது?"

"அது கையோட விஷயம்."

அதற்குமேல் ஒரு சொல்லும் அவர் வாயிலிருந்து வரவில்லை. "உதவியாளர் தூக்கி மாற்றும்போது கைதவற விட்டார்" என்று தலைமைச் செவிலியர் எழுதினார். தாம் பார்த்ததைத்தான் எழுதினார். அத்துடன், ஒப்பந்த ஊழியனின் தவறு வார்டின் தவறாகாது, பலகையை அழிக்க வேண்டியதில்லை என்ற நிம்மதியும் அவருக்கு இருந்திருக்கலாம். தரச்சான்று வழங்கும் குழுவினர் அந்த வாரம் வருவதாக இருந்தது.

இரண்டாம் நாள் ஒப்பந்தக்காரர் என்னை அழைத்து, "கம்ப்யூட்டர்ல அந்த நம்பர் ஏறிடுச்சுன்னா திங்கக்கெழமேலேர்ந்து நீ வராத" என்றார். எனக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. நோயாளியைக் கீழே போட்டவன் என்று வெளியேற்றப்பட்டவனை இந்த ஊரில் எந்த மருத்துவமனை வாயிற்படி ஏற்றும்? உண்மையைச் சொல்லலாமென்றால், தனியே விட்டுப் போனதற்கும் அதே தண்டனைதான். பேசினாலும் போச்சு, பேசாவிட்டாலும் போச்சு. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். பதிவேட்டு அறைக்குப் போய் அம்மையார் முன் நின்றேன்.

"அம்மா, எப்படி விழுந்தாருன்னு யாருக்குமே தெரியாதுன்னு ஒரு நம்பர் இருக்குதாமே. எனக்கு அதப் போட்டுடுங்கம்மா."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாதுங்கம்மா."

"தெரியாதவரு என் மூஞ்சியப் பாத்து சொல்லுவாரு. நீங்க கம்ப்யூட்டரப் பாத்து சொல்றீங்க."

"அம்மா, என் வேலை போயிடும்."

"நீங்க விட்டிருந்தா விட்டாருன்னுதான் போடுவேன். விடலன்னா விடலன்னு போடுவேன். அந்த நம்பர மட்டும் போட மாட்டேன். போங்க, வரேன்."

உலகத்தில் எத்தனையோ சோம்பேறிகள் இருக்க, என் கோப்பு இந்த அம்மாளின் மேசைக்கா வரவேண்டும் என்று நொந்துகொண்டே படியேறினேன்.

அன்று பிற்பகலே அவர் அளவு நாடாவுடன் வந்துவிட்டார். அதே ஜன்னலருகில் அதே நாற்காலியை நிறுத்தச் சொன்னார். இருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுத் தாமே அதில் ஏறி அமர்ந்தார். தலைமைச் செவிலியரும் நானும் இருபுறம் நின்றோம்.

"சிஸ்டர், தூக்கி மாத்தும்போது விட்டாருன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா மேடம், நானே பாத்தேன்."

"இங்கேர்ந்து எங்க மாத்தினாரு? கட்டில் இல்ல. வேற நாற்காலி இல்ல. ஜன்னல்தான் இருக்கு. ஜன்னல் வழியா வூட்டுக்கு அனுப்பினாரா?"

சிஸ்டர் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்குக் கம்பியும் இருந்தது. முதல் கேள்வி அவ்வாறு முடிந்தது.

அடுத்து அம்மையார் பெரியவருடைய எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு பெரியவரின் கைப்பேசியை அவர் அனுமதியுடன் வாங்கி, கடற்கரையிலிருந்து பேசிய நண்பரை அழைத்து, ஒலிபெருக்கியில் வைத்தார். நண்பரின் குரல் வார்டு முழுவதும் கேட்டது.

"பாட்டு ஆரம்பிச்சுது மதாம். அவன் மூஞ்சி மேல போயிடுச்சு. அப்புறம் சட்டை பொத்தான் தெரிஞ்சுது. அப்புறம் இடுப்பு. கொஞ்ச நேரம் இடுப்பேதான். அப்புறம் ஆளக் காணோம், செவுருதான் தெரிஞ்சுது. பாத்ரூம் போயிட்டான்னு நெனச்சேன்."

"எழுந்து நின்னிருக்காரு," என்றார் அம்மையார் எங்களிடம். பிறகு கட்டிலருகில் ஒரு நாற்காலியை இழுத்து, ஆட்டிப் பார்த்து, அமர்ந்தார். பெரியவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"ஐயா, நின்ன மனுசன் முன்னால விழுந்தா ரெண்டு கையையும் ஊனுவாரு. அது நம்மளக் கேக்காமலே நடக்கும். உங்க இடது கை ஊனியிருக்கு, ஒடைஞ்சிருக்கு. வலது கையில ஒரு கீறல் இல்ல. வலது கை அப்ப என்ன பண்ணிட்டு இருந்துச்சு?"

படுத்தபடியே அவருடைய வலது கை மெல்ல எழுந்து, விரல்கள் ஒட்டி நீண்டு, புருவத்தின் ஓரத்தில் வந்து நின்றது.

"பாட்டு முடியிற வரைக்கும் எடுக்கக் கூடாது மதாம்," என்றார்.

"விழும்போதுகூடவா?"

"விழும்போது பாட்டு முடியலயே."

தலைமைச் செவிலியர் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார். அம்மையார் சிரிக்கவில்லை. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். எழுதி முடித்து, "இதுல மறைக்கிறதுக்கு என்ன இருக்கு? கௌரவமாத்தானே விழுந்திருக்கீங்க" என்றார்.

"கௌரவமா?" பெரியவர் இப்போதுதான் எங்கள் பக்கம் திரும்பினார். "தொப்பி இல்லாம சல்யூட் அடிச்சிருக்கேன் மதாம்! வெறுந்தலையோட! எங்க ரெஜிமென்ட்ல அப்படி ஒருத்தன் பண்ணா ஊரே சிரிக்கும். கையி தானா போயிடுச்சு. தொப்பி வரல."

கால்சட்டைப் பையிலிருந்து, இரண்டு நாட்களாக உடனெடுத்துத் திரிந்த தொப்பியை எடுத்துக் கட்டில்மேல் வைத்தேன். கசங்கிப்போயிருந்தது. அவர் அனுப்பியதையும், நான் தனியே விட்டுப் போனதையும், திரும்பி வந்து விதியை மீறித் தூக்கியதையும் சொல்லிவிட்டேன். தலைமைச் செவிலியர் சிரிப்பை நிறுத்தி என்னை உற்றுப் பார்த்தார்.

"மதாம்," என்றார் பெரியவர், தணிந்த குரலில். "சல்யூட்ட எழுதிக்குங்க. தொப்பிய மட்டும் விட்டுடுங்க."

"தொப்பிக்கு நம்பர் கிடையாது. எனக்கு அது வேணாம்," என்றார் அம்மையார். "ஆனா தொப்பி இல்லன்னா இவரு எதுக்குப் போனாருன்னு எழுத முடியாது. சும்மா வுட்டுட்டுப் போயிட்டாருன்னு ஆயிடும். இவருக்கு வேலை போயிடும். என்ன எழுதணும்னு நீங்களே சொல்லுங்க."

பெரியவர் என்னை நோக்கினார். நான் அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் கட்டிலின் சக்கரத்தைப் பார்த்தேன். ஊரார் முன் எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவருடைய மானம் ஒருபுறம், என் சோறு ஒருபுறம். நடுவே ஒரு கசங்கிய தொப்பி.

"எழுதுங்க," என்றார் கடைசியில். "உத்தரவு நான் குடுத்தேன், அவன் போனான். அத முதல்ல எழுதுங்க. ஆனா ஒண்ணு, பிரெஞ்சுல எழுதிடாதீங்க. யாராச்சும் படிச்சுட்டா அப்புறம் நான் கடற்கரைப் பக்கம் தலகாட்ட முடியாது."

மறுநாள் நிர்வாக அதிகாரியின் அறையில் விசாரணை. ஒப்பந்தக்காரரும் வந்திருந்தார். அம்மையார் எழுதியது ஆங்கிலத்தில் இருந்தது; எங்களுக்காகத் தமிழில் சொன்னார். நான் மறக்காமல் வைத்திருக்கிறேன்: "நோயாளி பிரேக் போட்ட சக்கர நாற்காலியிலிருந்து தாமாக எழுந்து நின்றார். கீதம் இசைக்கையில் வலக்கையால் சல்யூட் செய்தபடி, இடக்கை கீழாகத் தரையில் விழுந்தார். விழுகையில் அவரை எவரும் தாங்கவோ தூக்கவோ இல்லை. உதவியாளர், நோயாளியின் உத்தரவுப்படி தொப்பி எடுக்க முப்பத்தொரு அடி தொலைவிலுள்ள அறைக்குச் சென்றிருந்தார். இது விதிக்கு மாறானது. திரும்பி வந்து, செவிலியர் வருமுன் நோயாளியைத் தூக்கினார். இதுவும் விதிக்கு மாறானது."

கடைசி இரண்டு வாக்கியங்களையாவது விட்டிருக்கலாம் என்று அப்போது நினைத்தேன்.

"நோயாளி உத்தரவு போட்டா ஸ்டாஃப் கேக்கணும்னு நம்ம ரூல்ல இருக்கா?" என்று அதிகாரி கேட்டார்.

"இல்ல சார். அவரு உத்தரவு போட்டாருன்னுதான் எழுதியிருக்கேன். கேக்கணும்னு எழுதல," என்றார் அம்மையார்.

அதிகாரி தாளை மடித்துக் கோப்பில் வைத்தார். பிறகு எனக்கு ஒரு வாரம் பணி இடைநீக்கமும் ஒரு மெமோவும் கொடுத்தார். கைதவற விட்டதற்கான எண் ஏறவில்லை. ஆகவே ஒப்பந்தக்காரர் என்னை நீக்குவதற்குக் காரணமும் இல்லை. எங்கள் வார்டின் பலகை சுழிக்கு வந்தது. தலைமைச் செவிலியரே துணியால் துடைத்தார். அதன்பின் ஒரு மாதம் அவர் என்னுடன் பேசவில்லை. ஆனால் அந்த மாதத்திலிருந்து எங்கள் வார்டுக் கோப்புகளில் நோயாளிகள் அமர்வதை நிறுத்தி, முறைப்படி விழத் தொடங்கினார்கள்.

ஒரு வாரம் கழித்துப் பணிக்குத் திரும்பிய அன்று, அரைக் கிலோ கேழ்வரகு பகோடா வாங்கிக்கொண்டு பதிவேட்டு அறைக்குப் போனேன்.

"அம்மா, என் வேலையக் காப்பாத்திட்டீங்க."

அவர் பகோடாவை எடுத்துக்கொண்டார், நன்றியை எடுத்துக்கொள்ளவில்லை. "நான் உங்க வேலையக் காப்பாத்தல. நீங்க அவர விட்டிருந்தா இந்நேரம் நானே உங்கள வெளிய அனுப்பியிருப்பேன். எப்படி விழுந்தாருன்னு எழுதினேன், அவ்வளவுதான். உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடுது."

நான் அவர் காட்டிய நாற்காலியில் அமர்ந்தேன். இருவரும் பகோடாவைத் தின்று முடித்தோம். அதன்பின் நான் நான்கு ஆண்டுகள் அங்கே பணியாற்றி, கௌரவமாக ஓய்வு பெற்றேன். அவர் எனக்கு முன்பே ஓய்வு பெற்றுச் சென்றுவிட்டார். வழியனுப்பு விழாவில் அவருடைய கடமையுணர்ச்சியைப் பற்றிப் பலர் பேசினார்கள். பேசியவர்களுள் கழிவறைக்குள் தாழிட்டுக்கொண்ட மருத்துவர்களும் உண்டு.

ஐயா, அம்மா, மருத்துவமனைக் கோப்புகளைக் குறிப்பிட்ட ஆண்டுகள் கழிந்ததும் இயந்திரத்திலிட்டு அழித்துவிடுவார்கள். நான் நோயாளியைக் கீழே போடவில்லை என்று எழுதப்பட்ட தாள் உலகில் அது ஒன்றுதான். அதற்குரிய காலமும் நெருங்கிவிட்டது. ஆதலால் மேலே கண்ட விவரத்தைத் தாங்கள் ஒரு நகலாகக் கருதித் தங்களிடம் வைத்துக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.